கூட்டக் கூட்டக் குறைகிற ஒலி

ஹெவி மெட்டல் வாசிக்கிற கொழும்புப் பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. ரிதம் கிட்டார் பெரிதாகக் கேட்க வேண்டுமா? கெயினைக் கூட்டு. அடித்தொனியைக் கூட்டு. ஒரே வாசிப்பை நான்காகக் கொப்பி பண்ணு. கம்பியை இன்னும் கீழே இறக்கு. அப்படியும் வரவில்லையா, இன்னும் விலை கூடிய அம்ப் வாங்கு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் களுபோவிலவிலும் வீட்டறையில் பதிவு செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் இதுதான்.

இந்தப் பாடம் பிழையானது. இதன் ஒவ்வொரு வரியும், சொன்ன நோக்கத்துக்கு நேரெதிரான விளைவையே தருகிறது. களுபோவிலவில் என் வீட்டுக்கு மிக்ஸ் பண்ணக் கேட்டு வந்துசேரும் பதிவுகளில் நல்ல ரிஃப்கள் உள்ளன; அவற்றை வாசித்த விரல்களில் ஆற்றல் உள்ளது. ஆனால் பதிவைத் திறந்தால் முதலில் காதில் விழுவது தடித்த ஓர் இரைச்சல். ரிஃப் அதற்குள் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. அதைப் புதைத்தது அந்தப் பிள்ளைகளின் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. அவர்களுக்குத் தரப்பட்ட அறிவுரைதான் புதைத்தது.

இந்த நாட்டில் கனதியான இசைக்கு வரலாறு உண்டு. 1990களின் இறுதியில் கொழும்பில் உருவான ஸ்டிக்மாட்டா 2003இல் ‘ஹாலோ ட்ரீம்ஸ்’, 2006இல் ‘சைலன்ட் கேயாஸ் சர்ப்பென்டைன்’ என்று முழு அல்பங்களை வெளியிட்டது. கண்டியிலிருந்து பரனோய்ட் எர்த்லிங் வந்தது. இவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இப்போது மடிக்கணினியோடு வீட்டிலேயே பதிவு செய்கிறது. ஸ்டூடியோ வாடகை கட்டாமல் இசை செய்யலாம் என்பது பெரிய வரம். ஒரு தவறான சூத்திரம் அந்த வரத்தை வீணாக்க விடக்கூடாது.

முதலில், இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று பார்ப்போம். காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. களுபோவிலவில் ஒரு வீட்டின் சுவர்தான் பல இடங்களில் அடுத்த வீட்டின் சுவர். பக்கத்தில் போதனா வைத்தியசாலை. இரவில் அம்பைத் திறந்து வாசிக்க வழியில்லை. ஆகவே ஹெட்போனில், தாழ்ந்த சத்தத்தில் ஒலியை அமைக்கிறோம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய உண்மை ஒன்று உண்டு: சத்தம் குறையும்போது மனிதக் காது தாழ்ந்த அலைகளையும் மிக உயர்ந்த அலைகளையும் நடுப்பகுதியைவிட வேகமாக இழக்கிறது. எனவே மெல்லிய சத்தத்தில் கேட்கிறவனுக்கு, அடித்தொனியையும் கீச்சொலியையும் ஏற்றி நடுவைக் குடைந்தால் கிட்டார் பெரிதாகிவிட்டதாகத் தோன்றும். தனியாகக் கேட்கும்போது அது மெய்யாகவே நன்றாயிருக்கும். ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து, சத்தமும் கூடியதும் அந்தத் தோற்றம் கலைந்துபோகும். தனியறையில் எடுத்த முடிவைக் குழு வாசிப்பின்மீது சுமத்துவதுதான் இங்கே நடக்கிறது.

இனி கெயினுக்கு வருவோம். டிஸ்டோர்ஷன் என்பது அலையின் முகடுகளை வெட்டுவது. கெயின் ஏற ஏற வெட்டு ஆழமாகிறது; ஓங்கி அடித்ததும் மெதுவாகத் தொட்டதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. பிக் கம்பியில் படும் அந்த முதல் அடிதான் ரிஃப்புக்கு எடையைத் தருகிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது தட்டையான நீண்ட ஒலி. ஓர் ஒலி பெரிது என்று மனம் முடிவு செய்வது அதன் எழுச்சிக்கும் அடங்கலுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே. பாம் மியூட் அடித்து நிறுத்தும் இடத்தில் உண்மையான மௌனம் இருந்தால்தான் அடுத்த அடி நெஞ்சில் இறங்கும். மட்டுமீறிய கெயின் அந்த மௌனத்தை இரைச்சலால் நிரப்பிவிடுகிறது.

சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கோர்டின் கணக்கைப் பார்த்தால், அடித்தொனியை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை என்பது புரியும். தடித்த ‘ஈ’ கம்பியின் அதிர்வு 82.4 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமமான ‘பி’ 123.5 ஹெர்ட்ஸ். சட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் நிற்பவை. இரண்டும் டிஸ்டோர்ஷனுக்குள் சேர்ந்து போகும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு புதிய ஒலியாகப் பிறக்கிறது: ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதாவது அந்த ‘ஈ’யின் கீழ் ஸ்தாயி. பவர் கோர்டு தன் அடித்தளத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் நாம் அடித்தொனியை அள்ளிக் கொட்டினால் இந்த நுட்பமான விளைவு கலங்கிச் சேறாகிறது. பஞ்சமம் சற்றே சுருதி விலகினாலும் அப்படித்தான். இரைச்சலுக்கு மருந்தாக இன்னொரு பெடலைத் தேடும் பலருக்குத் தேவைப்படுவது சுருதி சேர்ப்பதில் இன்னும் கொஞ்சம் பொறுமை மட்டுமே.

கனதியான இசையைத் தொடக்கிவைத்தவர்களே இதற்குச் சாட்சி. 1970 பெப்ரவரியில் வெளியான பிளாக் சபாத் குழுவின் முதல் அல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோனி அயோமி தன் கிட்டாருக்கும் அம்புக்கும் இடையில் வைத்திருந்தது ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர். அது உயர் அலைகளை ஏற்றிக்கொடுக்கும் கருவி. அடித்தொனியை ஏற்றும் வேலை அதற்கு இல்லை. இன்றும் மெட்டல் பதிவுகளில் உயர் கெயின் அம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை, ட்ரைவைக் குறைத்து லெவலை ஏற்றி வைக்கிறார்கள். அந்தப் பெடலின் உட்சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகளைப் படிப்படியாக விலக்கியே வெட்டுகிறது. கனதியை விரும்புகிறவர்கள் அம்புக்குள் போகும் முன்பே அடித்தொனியைக் குறைக்கிறார்கள். இதைத் தலைகீழாகக் கற்பிப்பதுதான் நம் ஊர்ப் பாடம்.

அடுத்தது கொப்பி பண்ணும் பழக்கம். ஒரே வாசிப்பை இடப்பக்கத்தில் ஒன்று, வலப்பக்கத்தில் ஒன்று என்று வைத்தால் காதுக்குக் கிடைப்பது சத்தம் கூடிய மொனோ மட்டுமே. இரண்டு பக்கமும் ஒரே அலை என்பதால் மனம் அதை நடுவில் ஒரு புள்ளியில் வைத்துவிடும். அகலம் துளியும் வராது. இதைக் கண்டுகொண்டவர்கள் அடுத்து செய்வது, ஒரு கொப்பியைச் சில மில்லிசெக்கன்கள் தள்ளிவைப்பது. அப்போது அகலம் வந்ததாகத் தோன்றும். ஆனால் ஹெல்முட் ஹாஸ் 1949இல் விளக்கியதுபோல், முதலில் வந்த ஒலியின் பக்கமே காது சாயும். மொனோவில் கேட்டாலோ நிலைமை இன்னும் மோசம். 10 மில்லிசெக்கன் தள்ளிய கொப்பியை மூலத்தோடு சேர்த்தால் 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முன்சொன்ன ‘ஈ’ பவர் கோர்டில் இரண்டு சுரங்களின் இணையொலிகளும் சந்திக்கும் இடம் 247 ஹெர்ட்ஸ். அந்தக் கோர்டின் உடம்பே அங்கேதான் இருக்கிறது, அழிவதும் அதுவே. நம் சனம் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் கைபேசியிலும் சின்னப் புளூடூத் ஸ்பீக்கரிலும். மண்டபங்களின் ஒலிபெருக்கிகளும் பெரும்பாலும் மொனோதான். ஹெட்போனில் மட்டும் அகலமாயிருக்கும் கிட்டார், கேட்பவரை அடையும்போது உள்ளீடற்றுப் போயிருக்கும்.

அகலத்துக்கு ஒரே வழி, அதே பகுதியை இரண்டு தடவை மெய்யாகவே வாசிப்பது. இதை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு ஸ்டூடியோவுக்குப் போகத் தேவையில்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலின் கருங்கல் மண்டபத்தில் இரண்டு நாதஸ்வரங்கள் ஒன்றாய் எழும்போது கேட்டுப் பாருங்கள். இருவர் வாசிப்பதும் ஒரே கீர்த்தனை, ஒரே சுருதி. ஆனாலும் மூச்சு வேறு, சீவாளி வேறு, கமகத்தின் வளைவில் மயிரிழை வேறுபாடு. அந்த மயிரிழையில்தான் ஒலி மண்டபம் நிறைய விரிகிறது. ஒருவரின் வாசிப்பையே இரண்டு ஒலிபெருக்கியில் போட்டால் அந்த விரிவு வராது என்று எந்தக் கோவில் ரசிகருக்கும் தெரியும். கிட்டாரில் இடம் ஒரு வாசிப்பு, வலம் இன்னொரு வாசிப்பு என்று வைப்பதன் நியாயமும் இதுவே.

ஆனால் அந்த வேறுபாடு மயிரிழையாகவே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் ஓர் அடிக்கு நான்கு நோட் வாசித்தால், ஒரு நோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஏறத்தாழ 83 மில்லிசெக்கன். இரண்டாவது வாசிப்பு 30 மில்லிசெக்கன் பிந்தினால் நோட்டின் மூன்றில் ஒரு பங்கு தூரம் போய்விட்டது. அங்கே அகலம் கிடைக்காது, அடி இரண்டாகப் பிளக்கும். எனவே பெரிய ஒலிக்கு முதல் நிபந்தனை வலது கை. மெட்ரோனோமோடு அந்த ரிஃப்பை அச்சொட்டாக மறுபடி வாசிக்க முடிகிற கைக்கு எந்தப் பெடலும் ஈடில்லை. இதைச் சொல்லும்போது பலருக்குச் சலிப்பு வருவதை அறிவேன். மிக்ஸிங்கில் சரிசெய்யலாம் என்ற எண்ணம் இதைவிட இனிமையானது. ஆனால் மிக்ஸ் பண்ணுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தளர்ந்த வாசிப்பை இறுக்கமான வாசிப்பாக்கும் பொத்தான் எதுவும் என்னிடம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். பெரிய குழுக்கள் நான்கு ட்ராக் வைக்கின்றனவே என்பார்கள். வைக்கின்றன. ஆனால் அவை நான்கு தனித்தனி வாசிப்புகள். ட்ராக் கூடும்போது ஒவ்வொன்றிலும் கெயினைக் குறைக்கிறார்கள், ஏனென்றால் நான்கின் டிஸ்டோர்ஷனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதற்கு மேல், நான்கையும் ஒன்றாய்ப் பூட்டிவைக்கும் கை வேண்டும். அந்தக் கை இல்லாத இடத்தில் நான்கு ட்ராக் இரண்டைவிடச் சிறிதாகவே ஒலிக்கும். எதிர்ச் சான்றாக ஏசி/டிசி குழு நிற்கிறது. 1980இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ அல்பத்தில் யங் சகோதரர்கள் இருவரின் கிட்டார்கள் ஆளுக்கொரு பக்கம். மால்கம் யங்கின் ரிதம் ஒலியில் டிஸ்டோர்ஷன் வியக்கும் அளவுக்குக் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ரிதம் ஒலியின் பருமனை யாரும் குறைத்துச் சொன்னதில்லை.

அடுத்து, நடு அலைகளைக் குடையும் வழக்கம். கிட்டாருக்குச் சொந்தமான நிலம் சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே பேஸ் கிட்டாரும் கிக் ட்ரமும், மேலே சிம்பல்களும் குடியிருக்கின்றன. மெட்டலில் பரவலாகப் பயன்படும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அதன் தயாரிப்பாளர் தரும் எல்லையே 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். கிட்டார் நடுவைக் குடைந்து அடியிலும் நுனியிலும் ஏறினால், தன் நிலத்தைக் கைவிட்டு மற்றவர் நிலத்தில் சண்டைக்குப் போகிறது. சண்டையில் கிட்டாரும் தோற்கிறது, பேஸும் கிக்கும் தோற்கின்றன.

மெட்டாலிகாவின் 1988 அல்பமான ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இதற்குப் பெரிய பாடம். அதன் ரிஃப்கள் அபாரம், வாசிப்பு இறுக்கம். ஆனால் பேஸ் கிட்டார் ஏறத்தாழக் கேட்கவே இல்லை. கிட்டாரின் நடுவும் குடையப்பட்டிருக்கிறது. அந்த ஒலி கூர்மையாக இருக்கிறது, ஆனால் வறண்டிருக்கிறது. 1991இல் பொப் ரொக் தயாரிப்பில் அதே குழு வெளியிட்ட அல்பத்தில் பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும் இடம் திரும்பியது. கிட்டார்கள் உடனே பருத்துக் கேட்டன. கேட்பவர் ‘கிட்டாரின் கனம்’ என்று சொல்வதில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. ரிஃப்போடு ஒட்டி வாசிக்கும், சற்று டிஸ்டோர்ஷன் ஏற்றிய பேஸ் இல்லாமல் எந்த ரிதம் கிட்டாரும் பெரிதாகாது. பிளாக் சபாத்தில் அயோமியின் ரிஃப்பைக் கீசர் பட்லரின் பேஸ் ஒட்டித் தொடர்வதைக் கேளுங்கள். நம் குழுக்களில் பேஸ் வாசிப்பவரைக் கடைசியாகத் தேடுவதும், பேஸ் ட்ராக்கை அரை மனதோடு பதிவதும் கிட்டாருக்கே செய்யும் கேடு.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றையும் மறைக்காமல் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டொக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவாகி 1990இல் வெளியான என்டோம்ப்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ அல்பம். அதன் கிட்டார் ஒலிக்குச் சூத்திரமாகச் சொல்லப்படுவது, பொஸ் எச்எம்-2 பெடலின் எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திருகுவது. ‘எல்லாவற்றையும் கூட்டு’ என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் அந்தப் பெடலின் உயர்தொனிக் குமிழைத் திருகினால் ஏறுவது ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி. அது சுத்தமான நடு அலை. அந்த ஸ்வீடன் ஒலி மிக்ஸைக் கிழித்துக்கொண்டு வருவதற்குக் காரணம் நடுவை ஏற்றியது. நடுவைக் குடைபவர்கள் அதைத் தங்களுக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

கம்பியை இறக்குவதற்கும் இதே கதிதான். ‘ஈ’ கம்பியை ‘சி’ வரை இறக்கினால் அதன் இழுவிசை ஏறத்தாழ 37 சதவீதம் குறைகிறது. தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் மேலே ஏறி, பிறகு இறங்கும். இரண்டு ட்ராக்கிலும் அது இரண்டு விதமாக நடக்கும். பவர் கோர்டின் கணக்கு அங்கே உடைகிறது. இறக்குவதென்றால் தடித்த கம்பி மாட்டி, இன்டொனேஷனை மறுபடி சரிசெய்து, பிறகு இறக்குங்கள். கொழும்பின் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். துருவேறிய கம்பியில் பிக்கின் முதல் அடி மழுங்கிவிடும். பதிவு நாளன்று புதுக் கம்பி மாட்டுவது இந்த ஊரில் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

கடைசியாக, காசு. இந்த நம்பிக்கையின்மீது எனக்குள்ள கோபத்தில் பாதி இதனால்தான். 2022இன் நெருக்கடியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. வெளிநாட்டு இசைக்கருவியின் விலை ஒரு சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போனது. அந்த நிலையில் ஒரு பிள்ளையிடம் ‘உன் ஒலி சின்னதாக இருக்கிறது, பெரிய அம்ப் வாங்கு’ என்று சொல்வது பொறுப்பற்ற செயல். அதைக் கேட்ட பிள்ளை கடன்பட்டு வாங்கும், அல்லது ‘இந்த நாட்டில் இருந்துகொண்டு நம்மால் முடியாது’ என்று கிட்டாரையே கீழே வைத்துவிடும். இரண்டும் நடக்கக் கூடாது. சாதாரண ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ், இலவசமாகக் கிடைக்கும் அம்ப் சிமுலேட்டர், ஒரு நல்ல கெபினட்டின் ஒலித்தன்மையைப் பதிந்த இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் கோப்பு, புதுக் கம்பி, இறுக்கமான கை: பெரிய ரிதம் ஒலிக்கு இவை போதும்.

மாஸ்டரிங்கில் நசுக்கிச் சத்தத்தைக் கூட்டினாலாவது பெரிதாகுமே என்கிறவர்களுக்கும் ஒரு பதில். ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களின் சத்தத்தை, எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவையில் ஏறத்தாழ −14க்குச் சமப்படுத்தியே ஒலிக்கவிடுகின்றன. நசுக்கிக் கூட்டிய சத்தம் அங்கே திரும்பவும் இறக்கப்படும். நசுக்கியபோது செத்த அடிகள் மட்டும் செத்தபடியே இருக்கும்.

ஆகவே கொழும்பின் இளம் வாசிப்பாளர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் ரிஃப் ஒன்றை எடுங்கள். வழக்கமாக வைக்கும் கெயினில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். நடு அலைகளைப் பழைய இடத்துக்கு ஏற்றுங்கள். கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி, அந்த இடத்தைப் பேஸுக்குக் கொடுங்கள். அதே ரிஃப்பை இரண்டு தடவை வாசித்து இரண்டு பக்கமும் வையுங்கள். இறுகவில்லை என்றால் மறுபடி வாசியுங்கள். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒலிக்கும்போதே முடிவெடுங்கள். பழைய மிக்ஸோடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள், ஏனென்றால் சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே காதுக்குப் படும். பிறகு கைபேசியில் மொனோவாக ஒருமுறை கேளுங்கள். இத்தனையும் செய்து முடிக்கும்வரை எதற்கும் காசைச் செலவழிக்காதீர்கள்.